கழிவு யாருக்கு, முழு விலை யாருக்கு?

குடும்பச் செலவைக் குறைக்க வழி சொல்ல வரும் பேச்சாளர்களின் பாடத்தில் அண்மைக் காலமாக ஒரு புதிய அத்தியாயம் சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் வட்டிக்காரனிடம் போகாதீர்கள், தீபாவளிக்கென்று கடன் வாங்காதீர்கள், சீட்டுக் கட்டினால் ஆளைப் பார்த்துக் கட்டுங்கள் என்பார்கள். இப்போது ‘கூப்பன் தேடாமல் எதையும் வாங்காதீர்கள்’ என்கிறார்கள். ஈப்போ புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் மாதர் கூட்டங்களில், கோயில் மண்டபங்களில், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில்கூட இது ஒலிக்கிறது. எந்தத் தளத்தில் எந்தக் குறியீட்டை எடுப்பது, 11.11 அன்று நள்ளிரவுக்கு முன்பே கூடையை எப்படி நிரப்பி வைப்பது, ஷாப்பி தரும் பற்றுச்சீட்டின் மேல் வங்கி அட்டைக் கழிவை எப்படி அடுக்குவது என்றெல்லாம் படம் போட்டு விளக்குகிறார்கள். கேட்பவர்கள் திரையைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொள்கிறார்கள். அதுவரை எனக்கு மறுப்பு இல்லை. பேச்சு முடியும்போது தவறாமல் வரும் ஒரு வாசகம்தான் உறுத்துகிறது: கூப்பன் வசதியில்லாதவரின் ஆயுதம், தெரியாதவன் முழு விலை கொடுக்கட்டும், தெரிந்தவன் குறைத்துக் கொடுப்பான்.

அந்தத் தெரியாதவன் யார் என்று கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை.

கூப்பனால் காசே மிச்சமாவதில்லை என்று வாதாட நான் வரவில்லை. மாதாமாதம் ஒரே பால்மாவும் ஒரே பேம்பர்சும் வாங்குகிற வீட்டில், கடைக்குக் கடை விலையை மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு தாய் 10 வெள்ளிப் பற்றுச்சீட்டை ஒட்டி வாங்கினால், அந்த 10 வெள்ளி உண்மையாகவே மிச்சம்தான். தோட்டப்புறத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் உள்ளே தங்கிவிட்ட குடும்பங்களுக்குப் பல இடங்களில் ஒரே மளிகைக் கடைதான். கடைக்காரர் சொன்னதே விலை. இலவச அஞ்சல் கூப்பன் அந்த ஏகபோகத்தில் ஓட்டை போட்டது. பள்ளிக் காலணியோ மிக்சி ஜாரோ வாங்க ஈப்போவுக்குப் பேருந்து ஏற வேண்டாம் என்பது சிறிய விஷயமல்ல. கூப்பன் வேட்டையில் தேர்ந்த பெண்களின் கணக்குத் திறமையையும் நான் மதிக்கிறேன். நம் வங்கி அதிகாரிகள் சிலருக்கு அந்தத் திறமை இருந்தால் நன்றாக இருக்கும்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டாயிற்று. இனி, கூப்பன் தளங்கள் யாருக்கு வேலை செய்கின்றன என்பதைப் பார்ப்போம்.

கூப்பன் தளத்தில் ‘குறியீட்டைக் காட்டு’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தியதும் குறியீடு தெரிகிறது. கூடவே கடையின் பக்கமும் தனியாகத் திறந்துகொள்கிறது. ஏன் திறக்கிறது? அந்த ஓர் அழுத்தலில் உங்கள் கருவியில் ஒரு சிறு அடையாளக் கோப்பு பதிந்துவிடுகிறது. ‘இந்த வாடிக்கையாளரை அனுப்பியவன் நான்’ என்று கடைக்குச் சொல்கிற கோப்பு அது. குறியீடு வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் நீங்கள் அந்தக் கடையில் பொருள் வாங்கிவிட்டால் தளத்துக்குத் தரகு கிடைக்கலாம். காலாவதியான குறியீடுகள் பட்டியலிலிருந்து ஏன் நீக்கப்படுவதில்லை என்று வியப்பவர்களுக்கு இதுதான் பதில். செத்த குறியீடும் சம்பாதிக்கிறது. நீங்கள் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்து, எதுவும் செல்லாமல், ‘சரி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று’ என்று முழு விலைக்கே வாங்குகிறீர்கள். அதில் தளத்துக்கு நட்டமில்லை.

தாமாகவே குறியீடு தேடித் தரும் உலாவி நீட்சிகளின் கதையும் இதுதான். அவற்றில் மிகப் பெரியதான ஹனியைப் பேபால் நிறுவனம் ஏறக்குறைய 400 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2020 தொடக்கத்தில் கைமாற்றம் முடிந்தது. இலவசமாகக் கூப்பன் தேடித் தரும் ஒரு கருவிக்கு இவ்வளவு விலை எதற்கு? 2024 டிசம்பரில் ஒரு யூடியூபர் வெளியிட்ட காணொளி ஹனிமீது இரண்டு குற்றச்சாட்டுகளை வைத்தது. மற்றவர்கள் பரிந்துரைத்து வந்த வாடிக்கையாளரையும் கடைசி நொடியில் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது என்பது ஒன்று. ஒப்பந்தக் கடைகள் விரும்பாத நல்ல கூப்பன்களைப் பயனீட்டாளரின் கண்ணில் காட்டுவதில்லை என்பது மற்றது. நிறுவனம் மறுத்தது, தொழிலின் வழக்கமான விதிப்படியே நடக்கிறோம் என்றது. அமெரிக்காவில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. தீர்ப்பு எப்படியும் போகட்டும். ‘தொழிலின் வழக்கமான விதி’ என்ற அந்தப் பதிலே போதும். சிங்கப்பூரில் 2014இல் பிறந்து இங்கேயும் பரவிய ஷாப்பேக் போன்ற பணம் திருப்பும் செயலிகள் இவற்றோடு ஒப்பிட்டால் நேர்மையானவை. தமக்கு வரும் தரகில் ஒரு பங்கை உங்களுக்குத் தருகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. பங்கு கைக்கு வரச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும் என்பதை மட்டும் சிறிய எழுத்தில் சொல்கின்றன.

குரூப்பான் என்ற பெயரில் ஒரு காலத்தில் கோலாலம்பூரும் ஈப்போவும் சேர்ந்து மயங்கின. பாதி விலை முடிவெட்டு, பாதி விலை மசாஜ், பாதி விலை பஃபே. அதன் மலேசியக் கிளை 2016இல் கைமாறி ஃபேவ் ஆனது. 2021இல் ஃபேவும் இந்தியாவின் பைன் லேப்சுக்கு விற்கப்பட்டது. அந்த மோகம் உச்சத்தில் இருந்த 2010இலேயே அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்து உத்பல் தொலாக்கியா, குரூப்பானில் சலுகை கொடுத்த 150 வணிகங்களை ஆராய்ந்தார். அவற்றில் 32 விழுக்காட்டுக்கு அந்தச் சலுகையால் இலாபம் இல்லை. பாதி விலைக்கு வந்தவர் முழு விலைக்குத் திரும்பி வரமாட்டார் என்பது எந்தச் சிகையலங்காரக் கடைக்காரருக்கும் ஆய்வில்லாமலே தெரியும்.

இவையெல்லாம் ஓரக் குறைகள். என் முக்கியப் புகார் வேறு. அதைச் சொல்லத் தோட்டத்துக்குப் போக வேண்டும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் 555 என்று சொன்னால் போதும். சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சின்னப் புத்தகத்தில்தான் மாதம் முழுவதும் அரிசியும் கருவாடும் பால்டின்னும் எழுதப்பட்டன. சம்பளத்தன்று கணக்குப் பார்ப்பார்கள். அந்தப் புத்தகத்தின் சாரம் கடன் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலை பொருளின் மேல் இல்லை, புத்தகத்துக்குள் இருந்தது என்பதுதான் அதன் சாரம். ரொக்கம் கொடுத்தவருக்கு ஒரு விலை, எழுதி வைத்தவருக்கு ஒரு விலை. விலை கேட்டுவிட்டு வாங்கியவருக்கு ஒன்று, கேட்கக் கூச்சப்பட்டவருக்கு ஒன்று. பக்கத்து வீட்டுக்காரி என்ன விலை கொடுத்தாள் என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கொடுத்தது அவளுக்குத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை இருந்த வீட்டில் கணக்குச் சரிபார்க்கப்பட்டது. இல்லாத வீட்டில் கடைக்காரரின் மனசாட்சியே கணக்கு. நல்ல கடைக்காரர்கள் இருந்தார்கள், வேலைநிறுத்தத்தின்போதும் அரிசி கொடுத்தவர்கள் இருந்தார்கள். அந்த ஏற்பாடு அவர்களின் நல்ல குணத்தை நம்பியே நின்றது என்பதுதான் கோளாறு.

பெருந்தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடலுக்குப் பிறகும், எழுபதுகளிலிருந்து செம்பனை பரவிய பிறகும், லயங்களை விட்டுப் பட்டணத்து ஓரங்களுக்கு வந்த குடும்பங்கள் பலவற்றை இழந்தன. அந்த இழப்புகளை நம் நாவல்களும் சிறுகதைகளும் போதும் போதும் என்னுமளவுக்குப் பேசியிருக்கின்றன. வந்ததால் கிடைத்த ஒன்றைப் பற்றி எவரும் எழுதவில்லை: விலைச்சீட்டு. மினி மார்க்கெட் அடுக்கில் சோப்பின் கீழே ஒட்டியிருந்த அந்தச் சின்னத் தாள் துரைக்கும் தொழிலாளிக்கும் ஒரே விலை சொன்னது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மொழி தெரியாவிட்டாலும் எண் தெரிந்தால் போதும். பிலடெல்பியாவில் ஜான் வனமேக்கர் போன்ற பெருங்கடைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் விலைச்சீட்டை வழக்கமாக்கியபோது, அது வணிகத்துக்கு மட்டும் செய்த சீர்திருத்தமாக இருக்கலாம். கங்காணிக்கும் கிராணிக்கும் தலை குனிந்து பழகிய ஒரு கூட்டத்துக்கு அது சமத்துவத்தின் முதல் பாடங்களில் ஒன்று.

கூப்பன் அந்தத் தாளைக் கிழித்துவிட்டது. இன்று செயலியில் ஒரு சட்டைக்கு என்ன விலை என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரு விலை, பழைய வாடிக்கையாளருக்கு ஒன்று. கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் விட்டவருக்கு மறுநாள் ஒரு கழிவு வருகிறது. உடனே வாங்கியவருக்கு ஒன்றும் வருவதில்லை. நேரலை விற்பனையை விழித்திருந்து பார்த்தவருக்கு ஒன்று. குறிப்பிட்ட வங்கியின் கடன் அட்டை வைத்திருப்பவருக்கு ஒன்று. மறுபடியும் விலை பொருளின் மேல் இல்லை. 555 இப்போது கைப்பேசிக்குள் இருக்கிறது, எழுதுகிறவரின் முகம்தான் தெரியவில்லை.

கணக்கையும் பார்த்துவிடுவோம். கூப்பன்களில் சாதாரணமான ஒன்று: 20 விழுக்காடு கழிவு, உச்சவரம்பு 10 வெள்ளி, குறைந்தது 60 வெள்ளிக்கு வாங்க வேண்டும். உங்களுக்குத் தேவை 42 வெள்ளிச் சாமான். வரம்பை எட்ட 18 வெள்ளிக்கு எதையோ கூடையில் போடுகிறீர்கள். 60இல் 20 விழுக்காடு 12. உச்சவரம்பு குறுக்கே நிற்பதால் 10தான் கழியும். 50 வெள்ளி கட்டுகிறீர்கள். ‘10 வெள்ளி மிச்சப்படுத்தினீர்கள்’ என்று திரை வாழ்த்துகிறது. பையிலிருந்து போனது 8 வெள்ளி கூடுதல். 18 வெள்ளிச் சாமான் 8 வெள்ளிக்குக் கிடைத்ததே என்பார்கள். தேவையென்றால் கிடைத்தது, தேவையில்லை என்றால் 8 வெள்ளி போயிற்று. கழிவு கிடைத்தது என்ற எண்ணமே மனிதருக்குத் தனி இன்பம் என்று பொருளியலறிஞர் ரிச்சர்டு தேலர் 1985இலேயே எழுதிவிட்டார். கடைகள் அதைப் படித்தன, நாம் படிக்கவில்லை. ஆனாலும் இதை நான் பெரிதாக்க மாட்டேன். இது அவரவர் கட்டுப்பாட்டுக்குள் உள்ள தவறு. கட்டுப்பாட்டுக்கு வெளியே இருப்பது அந்தச் சாமான்களுக்கு 60 வெள்ளி என்ற விலை எங்கிருந்து வந்தது என்பதுதான்.

விற்பவரின் பக்கம் போய்ப் பாருங்கள். புந்தோங்கில் முறுக்கும் கச்சாங் பூத்தேயும் செய்கிற ஒருவர் செயலியில் கடை திறப்பதாக வைத்துக்கொள்வோம். பாக்கெட் 10 வெள்ளி என்றால் அவருக்குக் கட்டுப்படியாகும். தளத்துக்குத் தரகு உண்டு, பணப் பரிமாற்றக் கட்டணம் உண்டு, இலவச அஞ்சல் திட்டத்திலும் பற்றுச்சீட்டுத் திட்டத்திலும் சேர்ந்தால் அதற்கும் கட்டணம் உண்டு. சேராவிட்டால் தேடலில் பின்னால் தள்ளப்படுவோமோ என்ற பயம். கூடவே 11.11, 12.12 என்று மாதந்தோறும் ஒரு திருவிழா. அதற்குத் தம் கையிலிருந்தும் கழிவு கொடுக்க வேண்டும். அவர் என்ன செய்வார்? பாக்கெட்டுக்கு 14 வெள்ளி போடுவார். 3 வெள்ளி கூப்பன் உள்ளவருக்கு 11. கூப்பன் இல்லாதவருக்கு 14. இதில் அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கட்டணங்களைக் கூட்டிப் பார்த்தால் அவருக்கு வேறு வழியில்லை. ஆனால் ஒன்று தெளிவு: கூப்பன் வேட்டைக்காரர் மிச்சப்படுத்திய 3 வெள்ளியைத் தளம் தரவில்லை. பெருமளவுக்கு அது 14 வெள்ளி கொடுத்தவரின் பணம்.

ஆக, கேள்வி அந்த 14 வெள்ளி கொடுப்பவர் யார் என்பதில் வந்து நிற்கிறது. பேச்சாளர்கள் அது பணக்காரன் என்கிறார்கள். இதற்கு ஒரு கல்விப் பின்புலமும் உண்டு. சக்கரவர்த்தி நரசிம்மன் என்ற பேராசிரியர் 1984இல் ‘மார்க்கெட்டிங் சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை புகழ் பெற்றது. கூப்பனைத் தேடி எடுத்துப் பயன்படுத்த நேரம் செலவாகும். நேரத்தின் மதிப்பு உயர்ந்தவர்கள் அந்தச் சிரமத்தை ஏற்கமாட்டார்கள். விலை கூடினால் விலகிப்போகிறவர்களே ஏற்பார்கள். ஆகவே கூப்பன் என்பது ஆளைப் பிரித்து இரண்டு விலை வைக்கும் கருவி என்பது அவர் வாதத்தின் சுருக்கம். அவர் அதை ஏழைகளுக்கான தருமமாகச் சொல்லவில்லை, விற்பவரின் உத்தியாகவே விளக்கினார். அதைத் தருமமாக்கியது நம்மவர்களின் வேலை.

நாளிதழிலிருந்து கூப்பனைக் கத்தரித்த அமெரிக்க இல்லத்தரசிக்கு அந்தக் கணக்குப் பொருந்தியிருக்கலாம். பேராக்கில் பொருத்திப் பாருங்கள். தொழிற்பேட்டையில் 12 மணிநேர ஷிப்டும் ஓவர்டைமும் பார்க்கிற பெண்ணுக்கு நேரம் மலிவாகக் கிடக்கிறதா? அவருக்குப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. நள்ளிரவுக் கூப்பனுக்காக விழித்திருந்தால் காலை 6 மணித் தொழிற்சாலைப் பேருந்து போய்விடும். பொத்தான் கைப்பேசியோடு காலம் தள்ளும் பாட்டிக்கு, பேரன் அவசரமாக எதையோ வாங்கித் தருகிறபோது யார் குறியீடு தேடுகிறார்கள்? இன்னொரு பக்கம், அலுவலக மேசையில், குளிர்சாதனத்தில், நல்ல இணையத்தோடு உட்கார்ந்து நாலு தளங்களை ஒப்பிடுகிற வசதி யாருக்கு? கூப்பன் கலையில் தேர்ந்தவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஆசிரியர், வங்கி எழுத்தர், கணினித் துறைப் பையன். இவர்களில் ஏழை எத்தனை பேர்?

இது என் ஊகம் என்று தள்ளிவிடாமலிருக்க, ஊகமில்லாத ஒன்றைச் சொல்கிறேன். கழிவுகளில் பெரியவை பெரும்பாலும் வங்கி அட்டைக் கழிவுகள். இந்த வங்கியின் கடன் அட்டையில் கட்டினால் இவ்வளவு என்று வருபவை. மலேசியாவில் கடன் அட்டை பெற ஆண்டுக்கு 24,000 வெள்ளி வருமானம் வேண்டும் என்பது 2011 முதல் பேங்க் நெகாரா வைத்திருக்கும் விதி. குறைந்தபட்சச் சம்பளம் 2025இல்தான் மாதம் 1,700 வெள்ளியானது, ஆண்டுக்கு 20,400. அதாவது, இந்த நாட்டில் சட்டப்படி மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிற தொழிலாளி, மிகப் பெரிய கழிவுகளின் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார். கடன் மலைபோல் ஏறாமலிருக்க அந்த விதி சரியானதுதான். அந்த அட்டையைக் கழிவின் சாவியாக்கியது யார்? வசதியில்லாதவரின் ஆயுதம் என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்திருக்கிறார்களா?

அட்டை கிடைக்காதவருக்கு வேறொரு கதவு திறந்திருக்கிறது. ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்ற கடன் முறையைச் செயலிகள் உள்ளேயே வைத்திருக்கின்றன; அதைப் பயன்படுத்தினால் தனிக் கூப்பன். தவணை தவறினால் தாமதக் கட்டணம். இந்த வகைக் கடனையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் நுகர்வோர் கடன் சட்டம் 2025இல்தான் மக்களவையில் நிறைவேறியது. அதற்கு முன்பே எத்தனை இளைஞர்கள் 15 வெள்ளிக் கூப்பனுக்காகக் கடனாளியானார்களோ! சம்பளத்தன்று கணக்குப் பார்க்கும் பழைய பழக்கம் திரும்பி வந்திருக்கிறது. கடைக்காரரிடம் ‘அடுத்த மாசம் பார்த்துக்கலாங்க’ என்று சொல்ல முடிந்தது. செயலியிடம் அதைச் சொல்ல முடியாது.

பேரம் பேசுவதும் ஆளுக்கொரு விலைதானே என்று கேட்கலாம். ஈப்போ லிட்டில் இந்தியாவில் தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போனவர்கள் அனைவரும் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி. பேரத்தில் இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். நீங்கள் அரை மணிநேரம் செலவிட்டால் கடைக்காரரும் அரை மணிநேரம் செலவிடுகிறார். ஆகவே அவருக்கும் சீக்கிரம் முடிக்க வேண்டிய தேவை உண்டு. நீங்கள் எழுந்து போனால் கூப்பிடுவார். பக்கத்தில் நிற்பவர் கேட்டுக்கொண்டிருப்பார், ‘அவங்களுக்கு 80, எனக்கு மட்டும் 95ஆ?’ என்பார். கூப்பனில் நேரம் முழுவதும் உங்களுடையது. எதிரே இருக்கும் செயலி களைப்படையாது. அதற்கு உங்கள் பழைய கொள்முதல் எல்லாம் தெரியும். உங்களுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. பக்கத்தில் நின்று கேட்கவும் ஆளில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. மக்கள் கூப்பனை விரும்புகிறார்களே, அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பது. என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான். அமெரிக்காவின் ஜே.சி. பென்னி பெருங்கடைக்கு ரான் ஜான்சன் தலைமை ஏற்று 2012இல் கூப்பன்களையும் போலி மலிவு விற்பனைகளையும் ஒழித்தார். எல்லா நாளும் ஒரே நேரான விலை என்றார். அந்த ஆண்டு விற்பனை ஏறக்குறைய 25 விழுக்காடு சரிந்தது. 2013 ஏப்ரலில் அவர் வேலை போயிற்று. கூப்பன் திரும்பி வந்தது. கூப்பன் ஆதரவாளர்கள் இதைத் தங்கள் வெற்றியாகக் காட்டுவார்கள். எனக்கு இது எச்சரிக்கையாகப் படுகிறது. ஒரு கடை மட்டும் நேர்மையானால் அந்தக் கடை தோற்கும். எனவே இது கடைக்காரர்களின் நல்லெண்ணத்துக்கு விடக்கூடிய விஷயமல்ல. தோட்டத்துக் கடையையும் அப்படி விட்டுவைத்ததன் பலனை நாம் பார்த்திருக்கிறோம்.

வசதியில்லாதவர்கள் கூடி வாங்கினால் வலிமை உண்டு என்ற எண்ணம் பேராக் மண்ணுக்குப் புதிதல்ல. தோட்டத் துண்டாடலில் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த 1960இல், சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பால்மரத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொன்னார். அந்தக் காசில் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்தச் சங்கத்தின் பிற்கால வரலாற்றில் விமர்சனத்துக்கு இடமுண்டு. அது வேறு கட்டுரை. அங்கே ஒவ்வொருவரும் கட்டிய தொகை ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது, ஒருவர் சேர்ந்தால் மற்றவரின் பங்கு குறையவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. கூப்பன் வேட்டையில் உங்கள் மிச்சம் நான் தெரியாமலிருப்பதைப் பொறுத்தது. அதனால்தான் நல்ல குறியீட்டைச் சிலர் வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதுகூட இல்லை; ஒதுக்கீடு தீர்ந்துவிடுமாம்.

அரசாங்கமே ஒரு பற்றுச்சீட்டுக் கொடுத்ததே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்கள் எல்லாருக்கும் மைகார்டு வழியாக 100 வெள்ளி சாரா உதவி தரப்பட்டது. அதில் குறியீடு இல்லை, நள்ளிரவு இல்லை, குறைந்தபட்சக் கொள்முதல் இல்லை. தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அதே 100. தொகை போதுமா என்று கேட்கலாம். முறையில் குறை சொல்ல முடியாது.

சட்டம் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல், விலைக் குறைப்பு என்று அறிவிக்கிற கடை, அதற்கு முந்திய 30 நாளில் அந்தப் பொருளுக்கு வைத்திருந்த மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும். முதல் நாள் விலையை ஏற்றிவிட்டு மறுநாள் கழிவு கொடுக்கும் தந்திரம் அதில் செல்லாது. நம் நாட்டிலும் மலிவு விற்பனைக்கு விதிகள் உண்டு; அவை கடைவாசலில் பலகை தொங்கிய காலத்தின் மனநிலையில் எழுதப்பட்டவை. ஆளுக்கொரு கூப்பன், மணிக்கொரு விலை என்று மாறிவிட்ட திரைக்கு அவை போதாது. 30 நாள் விலையையும், கூப்பன் இல்லாமல் வாங்குகிறவர் சராசரியாகக் கொடுக்கும் விலையையும் ஒவ்வொரு பொருளின் கீழும் காட்டச் சொல்லி உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் நம் பயனீட்டாளர் சங்கங்கள் கேட்க வேண்டும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம், அதன் தலைவராக இருந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் காலத்திலிருந்து இப்படிப்பட்ட கோரிக்கைகளை விடாமல் எழுப்பி வந்த அமைப்பு. இதை எடுத்துக்கொள்ள அதற்குத் தகுதியும் பழக்கமும் உண்டு.

செலவுக் குறைப்புப் பாடம் நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அதே அமைச்சு ‘பிரைஸ் கேட்சர்’ என்ற செயலியை இலவசமாக வைத்திருக்கிறது. கோழி, முட்டை, எண்ணெய், சீனி இன்று எந்தக் கடையில் என்ன விலை என்று அதில் பார்க்கலாம். கூப்பன் பாடத்துக்கு ஒதுக்குகிற நேரத்தில் பாதியை அதற்குக் கொடுங்கள். கூட்டத்துக்கு வருகிற பாட்டிமார்களின் பேரப்பிள்ளைகளையும் அழைத்து, வாரத்துக்கு ஒருமுறை அந்த விலைகளை ஒரு தாளில் எழுதி மண்டபச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். தளமோ கடையோ பொய்யான கழிவு காட்டி ஏமாற்றினால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போடலாம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. எல்லாருக்கும் அதே விலை.